வாசல் பிரபுவுக்குப் பன்னிரண்டு வரிகள்

எங்கள் மேனேஜர் இதுவரை எத்தனை ஊர்களில் எத்தனை முறை செத்தார் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு முறை மலையிலிருந்து தள்ளிவிட்டதாக எழுதியிருந்தார்கள். மலேசியாவில் யாரோ அவரைத் தவளையாக்கிக் கிணற்றில் போட்டார்கள். தாம்பரத்தில் ஒரு குழு கொல்லாமல் விட்டு, ஒரு வருஷம் கல் வண்டி இழுக்க வைத்தது. இப்படி ஒவ்வொரு செய்தியையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, ஸ்டோர்ஸுக்குத் திரும்புவேன். வழியில் அவர் எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பேன்.

மன்னித்துவிட்ட மனதோடு இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். மண்ணூர்பேட்டையில், கார்களுக்கான பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பதினேழு வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். எந்தப் பெட்டியில் எவ்வளவு கிளிப், பிளாஸ்டிக்குக்குள் பதிக்கும் பித்தளை இன்செர்ட் எவ்வளவு இருக்கிறது என்பதை எக்செல் ஷீட்டில் ஏற்றுவதுதான் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஷீட்டில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் முன்னால் எனக்குத் தயக்கம் கிடையாது. மனிதர்கள் முன்னால்தான். நாலு பேர் இருக்கும் அறையில் எனக்குக் குரல் எழும்பாது. ஷேர் ஆட்டோவில் நான் "நிறுத்துங்க" என்றது டிரைவருக்குக் கேட்காமல், ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்த நாட்கள் நிறைய உண்டு.

வீடு திருவேற்காட்டில். ஒரு ஃபிளாட்டின் கீழ்வீட்டில் அம்மாவும் நானும். மேல்வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று சொல்ல மேலே போனேன். கூடத்தில் ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காகிதங்கள், பென்சில்கள், கலர் கலராகப் பகடைகள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம்கூட இருந்தது.

அது என்ன விளையாட்டு என்று அந்தப் பெண் சொன்னாள். காய் நகர்த்துவது கிடையாது, ஜெயிப்பது தோற்பதும் கிடையாது. ஆளுக்கு ஒரு கற்பனை மனிதராக ஆகிவிட வேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். கதவை உடைக்க முடிந்ததா, பூதம் அடித்ததில் பிழைத்தோமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அன்று அவர்கள் இரண்டு மணி நேரமாக அந்த மனிதர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வலிமை எவ்வளவு, அறிவு எவ்வளவு, என்ன ஆயுதம், என்ன குறை, யார் எதிரி என்று தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எழுத வேண்டும். நான் வாசல்படியில் நின்றபடி பார்த்துவிட்டு, "இதை எக்செல்ல போட்டா ஒரு நிமிஷம்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.

அடுத்த ஞாயிறு ஷீட்டோடு போனேன். இங்கிலீஷ் எனக்குத் தடுமாறும் என்பதால் எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதியிருந்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு ஆள் வந்துவிடுவார். ஆனால் முதல் ஷீட்டில் ஒரு தப்பு. ஆறு முகப் பகடை மூன்றை உருட்டினால் மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் வரும் என்றார்கள். நான் மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு எண் எடு என்று ஷீட்டுக்குச் சொல்லிவிட்டேன். அன்று பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு யானை பலம், மீதிப் பேருக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அவள் சிரித்துவிட்டு, மூன்று பகடையைக் கையில் கொடுத்து உருட்டச் சொன்னாள். பெரும்பாலும் பத்து, பதினொன்று. பத்து வருவதற்கு வழிகள் நிறைய, பதினெட்டு வருவதற்கு ஒரே வழி. ஒன்று அடிக்கடி வர வேண்டுமென்றால் அது வருவதற்கு வழிகளைக் கூட்ட வேண்டும். இந்தப் பாடம் பின்னால் எனக்கு மிகவும் உதவியது.

திருத்திக் கொடுத்தேன். அவள் அதை இணையத்தில் அந்த விளையாட்டு ரசிகர்களின் குழுவில் போட்டாள். யார் செய்தது என்று எழுத வேண்டும் என்றாள். பேர் வேண்டாம் என்றேன். 'கீழ்வீட்டு அக்கா' என்று போட்டுவிட்டாள். தமிழில் அப்படி ஒன்று அதுவரை இல்லையாம். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு குறைகள் வரத் தொடங்கின. வில்லாளிக்கு வில் வருகிறது, அம்பு வரவில்லை. குள்ளனுக்கு உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. ஸ்டோர்ஸில் புகார் எழுதுவதுபோலவே நானும் தேதி, குறை, எடுத்த நடவடிக்கை என்று மூன்று பத்தியில் எழுதிவைத்துச் சரிசெய்துகொண்டே வந்தேன். முகம் தெரியாதவர்கள் "நன்றி அக்கா" என்று எழுதினார்கள். அவர்களோடு எனக்குக் குரல் எழும்பியது.

என் பிறந்த நாளுக்கு அந்தப் பெண் ஒரு சின்னச் சுருக்குப் பையில் ஏழு பகடைகள் கொடுத்தாள். கண்ணாடிபோல நீல நிறம். அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். விளையாடுவதற்கு இல்லை, வைத்திருப்பதற்குத்தான்.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பித்தளை இன்செர்ட் ஒரு பாக்கெட் காணவில்லை என்று பேச்சு வந்தது. கேட்டில் எல்லோர் பையையும் பார்க்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். மற்றவர்கள் பையை செக்யூரிட்டி அண்ணன் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு விட்டார். என் முறை வந்தபோது மேனேஜர் தானே வந்து பையை வாங்கினார். ஸ்டோர்ஸ் சாவி என்னிடம்தானே இருக்கிறது. எட்டிப் பார்க்கவில்லை. மேஜை மேல் அப்படியே கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், அம்மாவின் மாத்திரைச் சீட்டு, நான் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த நாப்கின், எல்லாம் விழுந்தன. செய்தித்தாள் பிரிந்துகொண்டது. எனக்குப் பின்னால் மோல்டிங் செக்‌ஷன் ஆண்கள் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். சுருக்குப் பை அவிழ்ந்து பகடைகள் உருண்டன.

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பேனாவை இரண்டு முறை சொடுக்கினார்.

"இன்னாம்மா இது, தாயக்கட்டையா? ஸ்டோர்ஸ்ல உக்காந்து சூதாடிக்கினு கீறியா? இது கம்பெனி. புரியுதா, புரியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். இருபது முகப் பகடை மேஜையிலிருந்து விழுந்து கேட்டுக்கு வெளியே உருண்டு சாக்கடைக்குள் போனது. நாப்கினை எடுத்து உள்ளே வைத்தேன். மற்றதை எல்லாம் அதற்குப் பிறகுதான் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்செர்ட் பாக்கெட் மெஷின் ஷாப் அலமாரியில் கிடைத்தது. அங்கே வாங்கி வைத்ததற்கு மேனேஜருடைய பச்சை மைக் கையெழுத்தே இருந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. பையைக் கவிழ்த்தபோது கூடியிருந்தவர்களைத் திரும்பக் கூட்டி, இந்த அம்மா எடுக்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு மிச்சம் ஒரு பட்டப் பெயர். "தாயக்கட்டை மேடம், நாப்பது கிளிப்பு குடுங்க" என்பான் ஒருவன். "இன்னிக்கு தாயம் வுழுந்துச்சா யக்கா?" என்பான் இன்னொருவன். பதினேழு வருஷமாக ஒரு கிளிப்கூடக் குறையாமல் பார்த்துக்கொண்டவளுக்கு அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு அதுதான் பெயர். எனக்கு என் பழைய பெயர் திரும்ப வேண்டும். கேட்கத் தெரியவில்லை.

அந்த வாரம் ஷீட்டில் எதிரிகள் பட்டியலைத் திறந்தேன். புத்தகத்தில் இருந்தபடி இருபது எதிரிகள். சூனியக்காரி, கடல் கொள்ளையன், துரோகம் செய்த தம்பி என்று. இருபத்தொன்றாவது வரியில் எழுதினேன்:

'வாசல் பிரபு. கோட்டை வாசலில் நின்று பயணிகளின் மூட்டைகளைத் தன் கையாலேயே கவிழ்ப்பவன். பேசுவதற்கு முன் பேனாவை இரண்டு முறை சொடுக்குவான். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்த பிறகே உட்காருவான். பச்சை மையில் கையெழுத்துப் போடுவான். எதைச் சொன்னாலும் கடைசியில் புரியுதா, புரியலையா என்பான். பயம்: தன் மூட்டையை யாராவது அவிழ்ப்பது.'

வழக்கம்போலத் திருத்திய ஷீட்டைக் குழுவில் போட்டேன். பத்து நாளில் கோயம்புத்தூர் விளையாட்டுக்காரர்களிடமிருந்து அந்த மலைச் செய்தி வந்தது. அன்று நான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் எனக்கு ஒன்று செய்தால், ஷீட்டில் அவருக்கு ஒரு வரி கூடும். அதே வாசல் பிரபு, அதே குணங்கள், கீழே இன்னொரு முறை. வருவதற்கு இன்னொரு வழி. மீட்டிங்கில் எல்லோருக்கும் டீ வந்தபோது ஸ்டோர்ஸுக்கு வேண்டாம் என்றதற்கு ஒரு வரி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அரை நாள் லீவு கேட்டபோது, "போய் உருட்டிப் பாரு, லீவு வுழுதான்னு" என்றதற்கு ஒரு வரி. ஒரு தடவை ஒன்றுமே செய்யாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கும் ஒன்று. ஆறே மாதத்தில் பதினொரு வரிகள். இருபது எதிரிகளுக்கு நடுவில் அவர் ஒருவருக்கே பதினொரு வரி என்றால், மூன்று பேரில் ஒருவருக்கு அவர்தான் எதிரி. பட்டன்கூட வேண்டாம், யாராவது எங்காவது அந்த ஷீட்டின் ஒரு கட்டத்தில் எதையாவது அடித்தால் போதும், ஆள் மாறிவிடும். எங்காவது ஒரு ஊரில் அவர் திரும்பவும் பிறந்து, திரும்பவும் சாகக் காத்திருப்பார்.

குழுவில் தாம்பரத்துக்காரர்களிடமிருந்து கேள்வி வந்தது. வாசல் பிரபு ரொம்ப அடிக்கடி வருகிறாரே, ஷீட்டில் கோளாறா? எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் எழுதினேன்: சரிபார்க்கப்பட்டது. கோளாறு இல்லை.

மேல்வீட்டுப் பெண் அதை நம்பவில்லை. மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏக்கா, இவன் எங்க போனாலும் வாரானே, யாரு இவன்?"

"சும்மா எழுதினது."

"சும்மாவா? அந்த உலகத்துல துப்பாக்கியே கண்டுபிடிக்கல. பட்டன் பேனா மட்டும் எப்படிக்கா வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாப்கினையும் சொன்னேன். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். புகார் கொடுக்கலாம் என்றாள், மேலிடத்துக்கு எழுதலாம் என்றாள். முடியாது என்றேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு எழுந்து, சரி, பேனா இருந்துட்டுப் போகட்டும் என்றாள்.

இந்த ஷீட்டின் ஒரு பிரதியைக் கம்பெனிக் கம்ப்யூட்டரிலும் வைத்திருந்தேன். வைத்திருக்கக் கூடாதுதான். மத்தியானத்தில் திருத்தங்களைச் செய்துபார்க்க வசதியாக இருந்தது. யார் கண்ணிலும் படாமல் இருக்க அதற்கு 'ஸ்டோர்ஸ் மாஸ்டர் நியூ' என்று பெயர் வைத்திருந்தேன். உண்மையான ஸ்டாக் ஷீட்டின் பெயர் வெறும் 'ஸ்டோர்ஸ் மாஸ்டர்'. இரண்டும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்குக் குழப்பம் வராது. வேறு யாரும் தொட மாட்டார்கள்.

எங்களிடம் சாமான் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தார்கள். ஒரு நடுவயது அம்மாளும் அவருக்கு உதவியாக ஒரு ஆளும். மீட்டிங் ஹாலில் பெரிய டி.வி.யில் கம்ப்யூட்டரை இணைத்திருந்தார்கள். ஐந்து சூப்பர்வைசர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நாற்காலியைத் துடைத்தார், கைக்குட்டையை மடித்தார், உட்கார்ந்தார். என்னை, ஒவ்வொரு பெட்டிக்கும் வரவு செலவு எழுதும் பின் கார்டு ஃபைலோடு கதவோரம் நிற்கச் சொன்னார். உள்ளே வருவதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

"நீ வாயத் தொறக்காத. இன்னா கேட்டாலும் நான் பேசிக்கிறேன். புரியுதா, புரியலையா?"

புரிந்தது என்று தலையாட்டினேன்.

ஸ்டாக் ரெகார்டைக் காட்டச் சொன்னார் அந்த அம்மாள். மேனேஜர் மவுஸை எடுத்தார். இரண்டு ஃபைல் இருப்பதைப் பார்த்தார். நியூ என்று போட்டிருந்தால் அதுதான் சரியானது என்று நினைக்கிறவர் அவர். அதன் மேல் அம்புக்குறி போய் நின்றது. அது திறப்பதற்கு முன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சார்' என்று சொன்னாலே போதும். நாக்கு வரைக்கும் வந்தது. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார். நான் திறக்கவில்லை.

டி.வி. நிறைய வந்தது. வலிமை பதிமூன்று. ஆயுதம் கைக்கோடரி. உடைமைகள்: கயிறு ஐம்பது அடி, தீப்பந்தம் மூன்று.

அந்த அம்மாள் இது என்ன என்று கேட்டார். மேனேஜர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "டூல் ரூம் ஐட்டம் மேடம். புது சிஸ்டம் போட்டுக்கினு கீறோம்." ஏதாவது கட்டத்தில் ஐட்டம் நம்பரை அடித்தால் சரியான சாமான் வரும் என்று நினைத்தார். அடித்தார். ஆள் மாறியது. எதிரி: சூனியக்காரி. இன்னொரு முறை அடித்தார். எதிரி: கடல் கொள்ளையன். யாரோ இருமினார்கள். மூன்றாவது முறை அடித்தார். என் பதினொரு வரிகளும் அன்றுதான் வேலைக்கு வந்தன.

அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வாசல் பிரபுன்னா என்ன ஐட்டம்?" என்றார்.

மேனேஜர் விளக்கம் சொல்லுகிற தோரணையில் பேனாவை இரண்டு முறை சொடுக்கிவிட்டு, உரக்கப் படிக்கத் தொடங்கினார். கோட்டை வாசல், மூட்டை, கவிழ்ப்பவன். பேனாவைச் சொடுக்குவான் என்று படித்தபோதும் பேனா அவர் கையில்தான் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டூல் ரூம் சூப்பர்வைசர் குனிந்து ஷூ லேசைக் கட்டினார், அவர் போட்டிருந்தது செருப்பு. கைக்குட்டையை நாலாக மடித்து என்ற இடத்தில் மேனேஜரின் குரல் கொஞ்சம் தடுக்கியது. பச்சை மை என்ற இடத்தில் வேகம் குறைந்தது. அடுத்த வரியில், "எதைச் சொன்னாலும் கடைசியில் புரியுதா" என்பது வரை படித்துவிட்டு நிறுத்தினார்.

மீதியை ஆடிட்டுக்கு வந்த அம்மாள் மெதுவாகத் தனக்குத்தானே படித்தார். "புரியலையா."

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் இனிப்பாக இருக்கிறது. சிரித்திருந்தால் அவர் திட்டியிருப்பார். காது மடல் இரண்டும் சிவந்து, மடித்த கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஐயோ பாவம் என்று ஒரு நொடி எனக்கு வந்தது. உடனே அந்தச் செய்தித்தாள் மேஜை மேல் பிரிந்து கிடந்தது ஞாபகம் வந்தது. பாவம் போய்விட்டது.

ஸ்டோர்ஸ் பார்ப்பது யார் என்று அந்த அம்மாள் கேட்டார். என்னை உட்கார வைத்தார்கள். சரியான ஷீட்டைத் திறந்தேன். அவர் கேட்ட நம்பருக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பெட்டியில் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தது என்று பின் கார்டோடு சேர்த்துக் காட்டினேன். ஒரு கிளிப் வித்தியாசம் இல்லை. எல்லோர் முன்னாலும் அவர், ரெகார்டு சுத்தமாக இருக்கிறது என்றார். மேனேஜர் தலையாட்டினார்.

சாயங்காலம் கேபினுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பேனாவை எடுத்தார், சொடுக்கவில்லை, கீழே வைத்தார்.

"யாரு அது?"

"விளையாட்டுல வர்ற ஆளு சார்."

"என்னப் பத்தி எழுதிகினு கீறியா?"

என் வாழ்க்கையில் ஒரு பதில் சரியான நேரத்தில் எனக்கு வந்தது அந்த ஒரு முறைதான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"நீங்களா சார்? நீங்க யார் பையையும் அப்படிக் கவுக்க மாட்டீங்களே சார்."

அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைசியில், கம்பெனிக் கம்ப்யூட்டரில் சொந்த ஃபைல் வைத்ததற்கு ஒரு மெமோ கொடுத்தார். அது நான் செய்த தப்புதான், வாங்கிக்கொண்டேன். பச்சை மை.

பாக்கெட் கிடைத்த கதையை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது இனி தேவைப்படவும் இல்லை. மறு வாரம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மோல்டிங் ஆள் ஒருவன் உள்ளே வரும் காரைப் பார்த்துவிட்டு, "டேய், பிரபு வர்றாரு, பைய மூட்றா" என்றான். பக்கத்திலிருந்தவன் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டான். "டீ சொல்லட்டாக்கா?" என்றான். தாயக்கட்டை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயர் கம்பெனியில் தீர்ந்துவிட்டது. அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது, அது அவர் ரிட்டையர் ஆகும்வரை தீராது.

அந்த ஞாயிறு மேல்வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அந்தப் பெண் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, இனிமேல் அவனை எடுத்துவிடலாமே, தாம்பரத்துக்காரர்கள் திரும்பவும் கேட்டிருக்கிறார்கள் என்றாள். நாலு பேரில் மூன்று பேருக்கு அவன்தான் எதிரியாக வந்திருக்கிறானாம். யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்தேன். கீழே வந்து ஷீட்டைத் திறந்து, மெமோவுக்காக ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு. பிறகு பன்னிரண்டு வரிகளிலும் பயம் என்ற கட்டத்துக்குப் போனேன். தன் மூட்டையை யாராவது அவிழ்ப்பது என்பதை அழித்துவிட்டு, 'தன்னைப் பற்றி எழுதியிருப்பதைச் சபையில் தானே உரக்கப் படிப்பது' என்று போட்டேன்.

தாம்பரத்துக்காரர்களுக்கு மூன்று பத்தியில் பதில் எழுதினேன். தேதி. குறை: வாசல் பிரபு அடிக்கடி வருகிறார். எடுத்த நடவடிக்கை: சரிபார்க்கப்பட்டது, கோளாறு இல்லை, பயம் மட்டும் திருத்தப்பட்டுள்ளது.